நெடி இல்லாத ஃபிக்ஸர் தேடிய நோரியே

எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடித்தனம். கீழே என் சலவைக்கடை. மூன்றாவது மாடியில் அமானோ நோரியேயும் அவள் கணவர் தெய்ஜியும் இருக்கிறார்கள். மகள் வேலை கிடைத்து நகோயாவுக்குப் போய் நான்கு வருடமாகிறது. நோரியேக்கு நாற்பத்தொன்பது வயது. குள்ளம். நடக்கும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் வேகமாக நடப்பாள். பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் அறுநூறு பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்குகிற எட்டுப் பேரில் ஒருத்தி.

தெய்ஜியைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த வீட்டில் சட்டம் போடுவது தெய்ஜிகூட இல்லை, அவருடைய மூக்கு. ஹகிவாரா என்பவரின் மொத்தத் தேயிலைக் கடையில் இருபத்தேழு வருடமாகத் தேயிலையை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர் அவர். தேயிலைக்குப் பேர்போன எங்கள் ஊர் ஷிசுவோகாவில் அப்படிப்பட்ட மூக்குக்கு டாக்டருக்கு இருக்கிற மரியாதை உண்டு. அதனால் வீட்டில் பூண்டு கிடையாது. வாசனை சோப்பு கிடையாது. சித்திரை, வைகாசியில் புதுத் தேயிலை வரும் நாட்களில் மீன்கூடச் சுடக்கூடாது. வெள்ளிக்கிழமை பள்ளியில் பிள்ளைகளுக்குக் குழம்புச் சோறு. அன்றைக்கு நோரியே அங்கேயே தலைக்குக் குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். ஈரத்தலையோடு சைக்கிளில் வந்து இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷன்மேல் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கும் அவருக்கும் இருபது வருடப் பகை உண்டு. என் கடையில் சலவை மருந்து நெடி இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக அவர் முன்வாசல் வழியாக வருவதே இல்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்புறத்து இரும்பு ஏணிப்படியில் ஏறுவார். மழையிலும் அப்படித்தான். தூரத்திலிருந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கும்பிடு இல்லாமலேயே போயிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நோரியே படம் எடுக்க ஆரம்பித்தது மகள் நகோயாவுக்குப் போன அந்த வருடம்தான். பழைய பொருள் கடையில் ஒரு ஃபிலிம் கேமரா கிடைத்தது. அடுப்படிக்குள் கேமரா கொண்டுபோகச் சுத்த விதிகள் இடம் கொடுக்காது. அதனால் வேலை முடிந்தபின் பாத்திரம் கழுவும் அறையில் எடுப்பாள். கவிழ்த்து வைத்த ராட்சச அண்டாக்கள், கொடியில் தொங்கும் ரப்பர் ஏப்ரன்கள், கையுறை கழற்றியதும் ஊறிச் சுருங்கியிருக்கும் கூட்டாளிகளின் கைகள். எல்லாம் கறுப்பு வெள்ளை. கலரில் எடுத்தால் அண்டா வெறும் அண்டாவாகத்தான் இருக்கிறது என்பாள். எனக்கு முதலில் அது புரியவில்லை, படத்தைப் பார்த்தபின் புரிந்தது.

ஊரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவிக் கொடுத்த ஒரே கடை அந்த வேலையை விட்டுவிட்டது. டோக்கியோவுக்கு அனுப்பினால் மூன்று வாரம்.

"மூணு வாரத்துல நான் என்ன எடுத்தேன்னே எனக்கு மறந்து போயிடுது, முராமட்சு-சான். ஊறப்போட்ட அரிசிய அடுத்த மாசம் வடிக்கிற மாதிரி" என்று என்னிடம் புலம்பினாள்.

வீட்டிலேயே கழுவலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் குளியலறையில் ஜன்னல் இல்லை. கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அந்த இருட்டில் ஃபிலிமை ஒரு மூடிபோட்ட டப்பாவுக்குள் சுற்றி வைத்துவிட்டால் போதும், மற்ற வேலையை விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். முதலில் படத்தை வரவைக்கும் திரவம், அடுத்து அதை நிறுத்தும் அலசல், கடைசியில் படத்தை அழியாமல் நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர். நம் பக்கத்துப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வது இதைத்தான். வில்லங்கம் இந்த மூன்றாவதில்தான் இருந்தது.

போன வருடம் இலையுதிர் காலத்தில் சாதாரண ஃபிக்ஸர் ஒரு பாட்டில் வாங்கி, குளியலறையில் கலந்திருக்கிறாள். தெய்ஜி வேலையிலிருந்து வந்து இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டே கத்தினார்.

"நோரியே! வீட்டுல என்னத்தக் கொளுத்தற?"

நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். வினிகர்ச் சாடிக்குள் தீக்குச்சி கிழித்துப் போட்டதுபோல் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நான்கூட அவர் பக்கம்தான்.

"தினம் சாயங்காலம் இதே தொட்டியிலதான் கழுத்து வரைக்கும் உட்கார்றேன். இந்த நெடி மூக்குக்குள்ள போச்சுன்னா, வசந்தத்துல நான் எந்தத் தேயிலையப் பார்த்தாலும் இதுதான் வரும். என் பொழப்பே மூக்குதான்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்போ நான் படமே கழுவக்கூடாதா, அப்பா?" என்றாள் நோரியே. மகள் பிறந்த நாளிலிருந்து அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவர் போய் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டார். பிறகு, "எனக்கு நெடி தெரியாத ஃபிக்ஸர் ஒண்ணு கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டேன்னா குளியலறைய நீயே வெச்சுக்கோ" என்றார். நியாயமான பேச்சுதான். அந்த நெடிப் பாட்டில் மட்டும் மூடி இறுக்கப்பட்டு என் கடைக்கு வந்து, மருந்து அலமாரியில் குடியேறியது. என் கடையில் இன்னொரு நெடி சேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது!

அந்தக் குளிர்காலம் முழுக்க நோரியே ஃபிக்ஸர் பைத்தியமாக அலைந்தாள். கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினாள். வயதான போட்டோக்காரர்களைப் போனில் பிடித்துக் குடைந்தாள். புளிப்பு அதிகமாக இருக்கிற ஃபிக்ஸரில்தான் அந்தத் தீக்குச்சி நெடி எழும்பும் என்று தெரிந்துகொண்டாள். புளிப்பு இல்லாதபடி செய்தவை இருக்கின்றன. சிலவற்றில் நெடி குறைவு. சிலவற்றில் வினிகர் போய் லேசாக அம்மோனியா வரும். வெறும் ஹைப்போ உப்பைத் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய வாசனையே இல்லை, ஆனால் வேலை மெதுவாக நடக்கும், சீக்கிரம் சக்தி போய்விடும். இதையெல்லாம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் என்னிடம் ஒப்பிப்பாள். நான் தலையை ஆட்டுவேன்.

ஜனவரியில் ஊரெல்லாம் காய்ச்சல். அவர்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் படுத்தார்கள். நான் கதவு முன்னால் கஞ்சி வைத்துவிட்டு வந்தேன். பிறகு தேறி எழுந்தார்கள்.

மார்ச் முதல் ஞாயிறு காலையில் நோரியே கடைக் கதவைத் தட்டினாள். "அந்தப் பாட்டில எடுத்துக்கிட்டு மேல வாங்க. இன்னைக்குத் தேர்வு. நீங்கதான் தரகர்" என்றாள்.

எங்கள் ஊர்த் தேயிலைச் சந்தையில் விற்கிறவர், வாங்குகிறவர், தரகர் என்று மூன்று பேர் வேண்டும். ஒத்துப்போனால் மூன்று பேரும் சேர்ந்து மூன்று முறை கைதட்டுவார்கள். தட்டிவிட்டால் முடிந்தது. அப்புறம் பேச்சு மாறக்கூடாது. நோரியே அதே முறையில் ஃபிக்ஸர் தேர்வு வைத்திருந்தாள். தெய்ஜி தேயிலை பார்க்கிற வெள்ளைக் கிண்ணங்கள் மாதிரியே ஐந்து கிண்ணம், வரிசையாக. கிண்ணத்துக்கு அடியில் எண் ஒட்டியிருந்தது. எதில் என்ன என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் என் காதில் சொன்னாள்.

"மூணு கிண்ணத்துல நான் தேடிப்பிடிச்ச மூணு ஃபிக்ஸர். ஒண்ணுல உங்க பாட்டில்ல இருந்த சனியன். இன்னொண்ணுல வெறும் குழாய்த் தண்ணி. ரொம்ப அலட்டிக்கிறாரில்ல, பார்ப்போம்!"

தெய்ஜி முழங்கால் மடித்து உட்கார்ந்தார். முதல் கிண்ணத்தைத் தூக்கினார், மூக்குக்குக் கொண்டுபோனார், வைத்தார். இரண்டாவது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மூன்றாவதைத் தூக்கிக் கொஞ்சம் அதிகநேரம் வைத்திருந்தார். நான் உட்கார்ந்த இடத்துக்கே வினிகர் நெடி வந்தது. தரகராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். நான்காவதைப் பார்த்தார். ஐந்தாவதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அஞ்சாவதுல லேசா ஒரு வாசனை இருக்கு" என்றார். "ரெண்டும் நாலும் பரவாயில்ல. மூணாவதுதான் சுத்தம். ஒண்ணுமே தெரியல."

நோரியே முதலில் சிரித்துவிட்டாள். கேலி செய்கிறார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அவர் கண்ணைப் பார்த்தோம். மூன்றாவது கிண்ணத்தை நெருக்கமாக வைத்திருந்ததில் காரமேறி இரண்டு கண்ணிலும் நீர் கோத்திருந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், சரியாகச் சொன்னோமா என்று பார்க்கிற பிள்ளையைப்போல. ஐந்தாவது கிண்ணத்தில் இருந்தது குழாய்த் தண்ணீர்.

"சரி, மூணாவதுதானே?" என்றாள் நோரியே. அவள் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"மூணாவது."

மூன்று பேரும் கை தட்டினோம். ஒன்று, இரண்டு, மூன்று. என் வாழ்க்கையில் நான் தட்டிய கைகளிலேயே வெட்கக்கேடானது அதுதான்.

என்னை வழியனுப்புகிற சாக்கில் நோரியே படியிறங்கி வந்தாள். கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்கு மூக்கு போயிடுச்சு, முராமட்சு-சான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிப்ரவரியிலிருந்து தெய்ஜி முன்வாசல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார். என் கடைக் கதவைத் தாண்டி, நின்று, குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஏறுவார். மனுஷன் வயதான காலத்தில் திருந்திவிட்டான் என்று நான் உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தேன். அதை நோரியேயிடம் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது. அவளும் ஒன்று சொன்னாள். போன வெள்ளிக்கிழமை பள்ளியில் வெந்நீர்க் குழாய் ரிப்பேர். குளிக்காமல் குழம்பு வாசனையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். திட்டு விழும் என்று பயந்துகொண்டே நுழைந்தால், அவர் "குளிர் அதிகமா?" என்று மட்டும் கேட்டாராம். அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

ஏப்ரல் நடுவில் புதுத் தேயிலையின் முதல் ஏலம். ஆறு வாரம்தான் இருந்தது. அந்த ஏலத்தில் தெய்ஜி முகர்ந்து சரி என்று சொல்வதைத்தான் ஹகிவாரா கடை வாங்கும். வருடம் முழுக்க அதைத்தான் விற்கும். மூக்கில்லாத மனுஷன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரே காலையில் இருபத்தேழு வருடப் பெயர் போய்விடும்.

"அவர்கிட்டயே நேரா கேட்டுடு" என்றேன்.

"அவரா சொல்லட்டும். அவரா சொன்னாத்தான் அவரால தாங்க முடியும்" என்றாள்.

ஒரு வாரம் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவள் குளியலறையில் ஒரு ரோல் கழுவினாள். பேரம் முடிந்த மூன்றாவது கிண்ணத்து ஃபிக்ஸரில். கதவை அகலத் திறந்தே வைத்தாள். ஆறு மாசத்துக்கு முன்னால் மாடித் திருப்பத்திலேயே அவரைக் கத்தவைத்த அந்த நெடி வீடு முழுக்க நிறைந்தது. தெய்ஜி பக்கத்து அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நடந்ததை அவள் என்னிடம் வரிக்கு வரி சொல்லியிருக்கிறாள்.

"பரவாயில்லையே, சுத்தமா நெடியே இல்ல. நல்லாத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம்" என்றாராம்.

நோரியே ரப்பர் கையுறையோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, அது அந்தப் பழைய பாட்டில். நீங்க வாசனை வருதுன்னு சொன்னது தண்ணி."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எத்தனை நாளாத் தெரியும்?"

"கை தட்டினதிலேருந்து."

"தெரிஞ்சும் ஏன் தட்டின?"

"நீங்க ஏன் தட்டினீங்க?"

அவர் கோப்பையடியில் தங்கியிருந்த இலைத்துணுக்கை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு, "கண்ணும் கையும் இருக்கு. இலையப் பார்த்தே, தொட்டே சொல்லிடுவேன். யாருக்கும் தெரியாது. அதுக்குள்ள மூக்கு வந்துடும்" என்றார்.

"வராட்டி?"

"வரும்னு சொல்றேனில்ல!"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே. சந்தையில தெரியாதா? எல்லாரும் அங்க மூக்கத்தானே வெச்சிருக்காங்க?"

அவர் கத்தினாராம். அவளும் கத்தினாளாம். பள்ளிச் சமையற்கட்டில் அறுநூறு தட்டுச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது, கீழே எனக்கே கேட்டது. கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அதை நோரியே சொன்னாள். "காலையில தேநீர் வெறும் சுடுதண்ணியா இருக்கு, நோரியே. ரெண்டு மாசமா நான் சுடுதண்ணிதான் குடிக்கிறேன்." அதைக் கேட்டதும் அவள் கோபமெல்லாம் அடங்கிவிட்டது. எனக்கும்தான்.

டாக்டரிடம் போனார்கள். காய்ச்சலில் அடிபட்ட மூக்கு, வந்தாலும் வரலாம், பல மாதம் ஆகலாம் என்றார் அவர். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் என்று நான்கு குப்பி கொடுத்து, காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அதன் வாசனையை மனசில் நினைக்கச் சொன்னார். நோரியே முந்திக்கொண்டு ஃபிக்ஸரை முகரலாமா என்று கேட்டுவிட்டாள். காட்டமான மருந்தெல்லாம் மூக்குக்குக் கெடுதல், கிட்டேயே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் அவளைக் கண்டித்து அனுப்பினார். அந்த நெடிப் பாட்டில் மறுபடி என் அலமாரிக்கே வந்துசேர்ந்தது.

அடுத்தது ஹகிவாரா. தெய்ஜி கோட்டுப் போட்டுக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்தை உள்பையில் வைத்துக்கொண்டு போனார். கோட்டுக்கு இஸ்திரி போட்டது நான்தான், அதனால் கடிதம் இருந்தது எனக்குத் தெரியும். ஹகிவாரா அதைப் பிரிக்கவே இல்லையாம்.

"பிப்ரவரியிலேயே தெரியும்யா. முன்னெல்லாம் கிண்ணத்தத் தூக்கினா கண்ண மூடிக்குவே. இப்பக் கண்ண முழிச்சு முழிச்சுப் பார்க்கற. நீயே சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். இந்த வருஷம் மூக்க நான் பார்த்துக்கறேன். இலைய நீ பாரு. ரெண்டு கிழவனும் சேர்ந்து ஒரு ஆள் வேலை பண்ணலாம்" என்றாராம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தெய்ஜி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார் என்று நோரியே சொன்னாள். அப்படியே அந்த வருட ஏலம் நடந்தது. ஹகிவாரா முகர்ந்தார், தெய்ஜி இலையைத் தொட்டார், பார்த்தார். கடை கெட்டுப்போகவில்லை. ஆனால் மற்றவர்கள் கிண்ணத்துக்குமேல் குனிகிறபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றதைச் சந்தையில் எல்லோரும் பார்த்தார்கள்.

நோரியே இனிமேல் ஃபிலிமே கழுவப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் மூக்கில்லாத மனுஷனை வைத்துக்கொண்டு நெடி பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. தெய்ஜிதான் ஒப்புக்கொள்ளவில்லை.

"என் மூக்குக்காக ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடின. இப்ப அதே மூக்கு இல்லைன்னு நிறுத்தினா, நான் போனதுக்கப்புறம் எனக்குச் செய்யற மரியாதை மாதிரி இருக்கு. உன் மூக்கால தேர்ந்தெடு" என்றார்.

அதனால் அவள் தன் மூக்காலேயே தேர்ந்தெடுத்தாள். அம்மோனியா வருவதைத் தள்ளினாள், பிள்ளைத் துணி ஞாபகம் வருகிறது என்றாள். ஹைப்போ உப்பை ஆசையாகக் கரைத்துப் பார்த்தாள். துண்டு ஃபிலிமை அதில் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பால்போல இருக்கும் துண்டு கண்ணாடியாகத் தெளிய வேண்டும், அதற்கு ஆகிற நேரத்தைப்போல் இரண்டு மடங்கு படத்தை ஊறவிட வேண்டும். அது தெளிவதற்குள் சோறு வெந்துவிடும்போல் இருந்தது. நெடி குறைந்ததென்று எழுதியிருந்த கடைசி ஃபிக்ஸர் ஒரு நிமிஷத்தில் தெளிந்தது. அதையே வைத்துக்கொண்டாள்.

அதிலும் முதல் தடவை சொதப்பினாள். இடையில் வரும் அலசலுக்குப் பழைய குறிப்புப்படி வினிகர்த் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அந்தப் புளிப்பு ஃபிலிமோடு ஒட்டிக்கொண்டு ஃபிக்ஸருக்குள் போய், விரட்டிய நெடி திரும்பி வந்துவிட்டது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டபின்தான் காரணம் பிடிபட்டது. அப்புறம் நடுவில் வெறும் தண்ணீரில் நாலு தரம் அலசினாள், சரியாகிவிட்டது. வேலை முடிந்த ஃபிக்ஸரில் ஃபிலிமின் வெள்ளி கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்றக்கூடாது. அதை ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, நிறைந்ததும் வெள்ளி பிரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோவாள்.

காலையும் மாலையும் தெய்ஜி நான்கு குப்பிகளோடு உட்கார்ந்தார். ஏப்ரல் போனது, மே போனது. எலுமிச்சை ஒன்றுமில்லை, கிராம்பு ஒன்றுமில்லை. பல நாள் அவர் குப்பியைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று நோரியே சொல்லுவாள். "நிறுத்திடலாமா" என்று அவர் ஒருநாள் கேட்டிருக்கிறார். "அறுநூறு பிள்ளைங்க தினம் காய்கறிய ஒதுக்கி வைக்குது. நான் மறுநாளும்தான் காய்கறி போடறேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் மறுபடி குப்பியைத் திறந்தார். இந்தப் பெண்ணிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கத் தெரியாது.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்கு நாளாக விடாத மழை. கடை லீவு. என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் நோரியே ஒரு ரோல் கழுவப் போனாள். நான் குளியலறைக் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். ஃபிக்ஸர் உள்ளே போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. என் மூக்கு முப்பது வருடம் சலவை மருந்தில் ஊறியது, அதை விடுங்கள். நோரியேக்கும் எதுவும் தெரியவில்லை.

உள் அறையிலிருந்து தெய்ஜியின் குரல் வந்தது.

"நோரியே, என்ன நாத்தம் இது?"

நோரியேயின் கை அப்படியே நின்றது. "சோறு எதுவும் அடிப்பிடிச்சிருக்கா பாருங்க" என்று என்னிடம் சொன்னாள். அடுப்பே எரியவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

தெய்ஜி வந்தார். தூக்கத்தில் நடக்கிறவரைப்போல் மெதுவாக, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். நாற்றம் டப்பாவிலிருந்து வரவில்லை. திரும்பினார். முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியின் முன்னால் மண்டியிட்டு, அதன் கதவைத் திறந்தார். உள்ளே சோப்புத்தூள், துடைக்கிற துணி, ஓரத்தில் பழைய ஃபிக்ஸர் சேர்த்து வைக்கும் கேன். கேனை வெளியே இழுத்தார். மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"இதுதான்" என்றார். "ஈர இரும்பு மாதிரி. மழையில நனைஞ்ச சாவிக்கொத்து மாதிரி. அதுக்குள்ள எங்கேயோ கொஞ்சம் புளிப்பு."

நான் குனிந்து கேன் வாயிலேயே மூக்கை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. நோரியே கையுறையோடு வந்து குனிந்தாள். நெடுநேரம் முகர்ந்தபின், "ஆமா" என்றாள். "ஆமா, கொஞ்சூண்டு புளிப்பு. முதல் தடவ வினிகர் கலந்தத இதுலதான் ஊத்தினேன்."

ஃபிலிம் கழுவ அவள் வைத்திருந்த கடிகாரம் அடித்தது. ஃபிலிமை எடுக்க வேண்டிய நேரம். அவள் எழுந்திருக்கவில்லை. இந்த மனுஷனை இருபது வருடம் திட்டியிருக்கிறேன். அவர் மூக்கு திரும்பி வந்ததற்கு என் கண் ஏன் இப்படிக் கலங்குகிறது என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

"இதையா நெடியில்லாததுன்னு வாங்கின?" என்றார் தெய்ஜி. குரல் கரகரத்தது. "மூணு ரூம் தாண்டி வருது. யாரு தேர்ந்தெடுத்தா இத?"

"நான்தான். வேற தேடறேன், அப்பா. நாளைக்கே தேடறேன்" என்றாள் நோரியே. கன்னத்தில் வழிந்ததைக் கையுறையால் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். டாக்டர் திட்டியது ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவசரமாக மூடியை எடுத்துக் கேனில் வைத்துத் திருகப் போனாள்.

தெய்ஜி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மூடாத. இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்."